மறதி நோயும் ரத்தப் பரிசோதனையும் - ஒரு பி.காம் பார்வை

முதலில் ஒரு கேள்வி. இன்னும் பதினைந்து வருடத்தில் உங்களுக்கு மறதி நோய் வருமா வராதா என்பதை இன்றைக்கு எடுக்கும் ஒரு குழாய் ரத்தத்தை வைத்துச் சொல்லிவிட முடியும் என்றால், தெரிந்துகொள்வீர்களா? இல்லை, வேண்டாம் என்று விட்டுவிடுவீர்களா?

ஹாஸ்டலில் ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நாலு பேர் "ஐயோ, வேண்டவே வேண்டாம்பா" என்றார்கள். ஒருத்தி "ஃப்ரீயா?" என்று கேட்டாள். (சி.ஏ. இன்டர் எழுதிக்கொண்டிருக்கிறாள், அப்படித்தான் கேட்பாள்.) இன்னொருத்தி பதிலே சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். அவள் வீட்டில் பாட்டிக்கு இந்த நோய் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பி.காம் படிக்கிறவளுக்கு மூளையோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு இரண்டு காரணம். ஒன்று, இந்த வருடம் எங்களுக்குப் புள்ளியியலில் நிகழ்தகவு வைத்து வறுத்தெடுத்தார்கள், அதை உருப்படியாக எங்கேயாவது போட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது. இரண்டாவது காரணம் என் தாத்தா. தாத்தாவைப் பற்றி நடுவில் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருவோம். டிமென்சியா என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. நினைவு, கணக்கு, பேச்சு, வழி கண்டுபிடிப்பது எல்லாம் தடுமாறி, அன்றாடக் காரியத்தைத் தனியாகச் செய்ய முடியாமல் போகும் நிலைக்குப் பொதுப்பெயர். காய்ச்சல் மாதிரி. காய்ச்சலுக்குப் பின்னால் டைபாய்டும் இருக்கலாம், டெங்குவும் இருக்கலாம். அதேபோல இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது அல்சைமர் நோய். அடுத்தபடியாக மூளை ரத்தக்குழாய்கள் கெட்டுப்போவதால் வருவது.

அல்சைமர் என்பது ஒரு மருத்துவரின் பெயர். ஜெர்மனிக்காரர். 1901-ல் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு அகஸ்ட் டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவர் 1906-ல் இறந்தபிறகு மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, செல்களுக்கு வெளியே ஒருவிதப் படிவுகளும், செல்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட நார்களும் இருப்பதைச் சொன்னார். படிவு அமிலாய்டு என்ற புரதம், நார் டௌ என்ற புரதம் என்று பிற்பாடு தெரிந்தது. இதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு இந்த நோயை நிச்சயமாக உறுதி செய்ய ஒரே வழி, ஆள் செத்தபிறகு மூளையைப் பார்ப்பதுதான். உயிரோடு இருக்கும்போது டாக்டர் சொல்வதெல்லாம் அனுபவத்தை வைத்துச் சொல்லும் தீர்ப்பு. அப்புறம் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பதும், அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேனும் வந்தன. ஒன்று வலி, இன்னொன்று பணம்.

இப்போது ரத்தம்.

இந்தத் துறையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமிருந்தாலும் வேறு வேறான இரண்டு வேலை நடக்கிறது. செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது, மெஷின் லேர்னிங் சமாச்சாரம். பிரிட்டனில் யு.கே. பயோபேங்க் என்று ஒரு திட்டம். 2006 முதல் 2010 வரை 40 வயதிலிருந்து 69 வயது வரையான சுமார் 5 லட்சம் பேரிடம் ரத்தம் வாங்கி, மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்துவிட்டார்கள். ஆட்கள் வீட்டுக்குப் போய் அவரவர் பிழைப்பைப் பார்த்தார்கள். யாருக்கு எப்போது என்ன நோய் வந்தது என்பது மட்டும் மருத்துவப் பதிவுகளிலிருந்து வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. ரத்தம் அப்படியே உறைந்து கிடந்தது.

2024 பிப்ரவரியில் நேச்சர் ஏஜிங் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்துக்காரர்களும் பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து செய்தது. அந்த உறைந்த ரத்தத்தில் 52,645 பேருடையதை எடுத்து, ஒவ்வொன்றிலும் 1,463 புரதங்களை அளந்தார்கள். ரத்தம் கொடுத்த அன்று இவர்களில் யாருக்கும் மறதி நோய் இல்லை. பின்னால் 1,417 பேருக்கு வந்தது.

எக்செல் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 52,645 வரிசை, 1,463 பத்தி. கடைசிப் பத்தியில் வந்தது, வரவில்லை. எந்தப் பத்தியில் என்ன எண் இருந்தால் கடைசியில் 'வந்தது' என்று விழுகிறது? மனிதன் உட்கார்ந்து பார்த்தால் ஆயுசு போதாது. கம்ப்யூட்டர் என்ன செய்கிறதென்றால், "இந்தப் புரதம் இவ்வளவுக்கு மேலா, கீழா?" என்று ஒரு கேள்வி கேட்டுக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பிரித்ததை இன்னொரு கேள்வியால் மறுபடி பிரிக்கிறது. இப்படி ஒரு மரம். அந்த மரம் எங்கே தப்பு செய்ததோ அதைத் திருத்துவதற்கென்றே இன்னொரு மரம். அதன் தப்பைத் திருத்த இன்னொன்று. நூற்றுக்கணக்கான மரங்களின் தீர்ப்பைக் கூட்டினால் ஒரு ஆளுக்கு ஒரு மதிப்பெண். கிரெடிட் கார்டு மோசடியைப் பிடிக்கவும் கடன் கொடுக்கலாமா என்று பார்க்கவும் இதே குடும்பத்து முறைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே ரூபாய், இங்கே புரதம். அவ்வளவுதான்.

வடிகட்டிப் பார்த்ததில் நாலு புரதம் திரும்பத் திரும்ப முன்னால் வந்தது. அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஜி.எஃப்.ஏ.பி. என்பது மூளையில் நட்சத்திர வடிவத்தில் இருக்கும் துணைச் செல்களின் புரதம். அந்தச் செல்கள் தொந்தரவுக்கு உள்ளாகும்போது ரத்தத்தில் கூடுகிறது. என்.இ.எஃப்.எல். என்பது நரம்பு இழையின் உட்சட்டம். இழை சேதமாகும்போது கசிகிறது. இந்த இரண்டும் நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பே ஏற ஆரம்பித்திருக்கின்றன. பத்து வருடம்! மனிதர் கடைக்குப் போகிறார், கல்யாணத்துக்குப் போகிறார், சீட்டு விளையாடுகிறார், ரத்தத்தில் மட்டும் ஏதோ கசிந்துகொண்டிருக்கிறது.

ஜி.எஃப்.ஏ.பி.யோடு வயது, பால், படிப்பு மாதிரியான விவரங்களையும் சேர்த்தால் கணிப்பின் மதிப்பு 0.891. இந்த எண்ணை '89 சதவீதம் துல்லியம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது அப்படி இல்லை. பின்னால் நோய் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், வந்தவருக்கு அதிக மதிப்பெண் போட்டிருக்க 100-க்கு 89 வாய்ப்பு. அவ்வளவுதான் இதன் அர்த்தம். இதில் வயதும் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 67 வயதுக்காரரையும் 42 வயதுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தினால், யாருக்கு முதலில் மறதி நோய் வரும் என்பதை எங்கள் தெரு டீக்கடைக்காரரே புரதம் எதுவும் இல்லாமல் சொல்லிவிடுவார் :)

இதில் எனக்கு ஒரு மனக்குறை. 'செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்தது' என்று தலைப்புப் போடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு வேலை சில நாட்கள் இருந்திருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் எதற்கு என்றே தெரியாமல் கையை நீட்டிய 5 லட்சம் பேரும், அதைக் கெடாமல் வைத்திருந்தவர்களும்தான் இதில் பெரிய ஆட்கள். நம் ஊரில் ஒரு கணக்கு நோட்டைப் பதினைந்து வருடம் பத்திரமாக வைத்திருப்பார்களா? (எங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். வருகிறேன்.)

இரண்டாவது வேலை, ஏற்கெனவே மறதி என்று வந்து நிற்பவருக்கு அது அல்சைமர்தானா என்று சொல்வது. இதற்குக் கம்ப்யூட்டர் மரங்கள் எதுவும் வேண்டாம். டௌ புரதத்தில் 217 என்ற இடத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. பி-டௌ 217 என்கிறார்கள். மூளையில் அமிலாய்டு படியப் படிய ரத்தத்தில் இது ஏறுகிறது. ஸ்வீடனில் 1,213 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் ஜாமா இதழில் வந்தது. எல்லோரும் ஞாபக மறதி என்று டாக்டரைப் பார்க்க வந்தவர்கள். அல்சைமரா இல்லையா என்று பொது மருத்துவர்கள் சொன்னது 61 சதவீதம்தான் சரி. மறதி நோய் நிபுணர்கள் சொன்னது 73. ரத்தப் பரிசோதனை 91.

நிபுணர்களே 73 என்றால் என்ன அர்த்தம்? நாலு பேரில் ஒருவருக்குத் தப்பு. டாக்டர்களைக் குறை சொல்லவில்லை, வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதற்கு இந்த நோய் அவ்வளவு கஷ்டம். 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. முதல்முறையாக இப்படி ஒரு ரத்தப் பரிசோதனையை அனுமதித்தது. ஜப்பானின் ஃபுஜிரேபியோ கம்பெனியுடையது, பி-டௌ 217-க்கும் அமிலாய்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. ஆனால் யாருக்கு? 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஏற்கெனவே அறிகுறியோடு வந்தவர்களுக்கு. தெருவில் போகிற எல்லோருக்கும் இல்லை.

ஏன் இல்லை என்பதில்தான் எங்கள் புள்ளியியல் வகுப்பு வருகிறது. ஒரு பரிசோதனை நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பரிசோதனைதான்.

இதை ஒரு மறதி நோய் மருத்துவமனையில் வைக்கிறோம். வருகிற 100 பேரில் 50 பேருக்கு நிஜமாகவே நோய். 45 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 50 பேரில் 5 பேரைத் தப்பாகப் பிடிக்கும். 'இருக்கிறது' என்று சீட்டு வாங்கிய 50 பேரில் 45 பேருக்கு உண்மை. பரவாயில்லை.

அதே பரிசோதனையை லயன்ஸ் கிளப் இலவச முகாம் மாதிரி 60 வயதுக்கு மேல் 1,000 பேருக்குச் செய்கிறோம். 70 பேருக்கு நோய் என்று வையுங்கள். 63 பேரைப் பிடிக்கும். நல்லபடியாக இருக்கிற 930 பேரில் 93 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 156 சீட்டு. அதில் உண்மை 63. பத்தில் நாலுதான். மீதி 93 பேரும் வீட்டுக்குப் போய், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் ஒவ்வொரு தடவையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பரிசோதனை மாறவில்லை, கருவி மாறவில்லை. வரிசையில் நிற்கிற ஆட்கள் மாறினார்கள், அவ்வளவே. 'ரத்தம் கொடுங்கள், மறதி வருமா சொல்கிறோம்' என்று எங்கேயாவது பேக்கேஜ் விளம்பரம் வந்தால் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

போதாக்குறைக்கு, அமிலாய்டு இருந்தாலே மறதி வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளை வைத்துச் செய்த ஆய்வில், 101 வயதில் இறந்த சிஸ்டர் மேரியின் மூளையைப் பார்த்தால் படிவும் நாரும் நிறைய. ஆனால் கடைசிவரை மனத்தெளிவோடுதான் இருந்தார்.

இனி தாத்தா.

கோவில்பட்டியில் தாத்தாவுக்கு மளிகைக் கடை. பெரிய கடை இல்லை. ஆனால் தினமும் ராத்திரி கடையடைத்ததும் சிட்டை எழுதி, அதைப் பேரேட்டில் ஏற்றாமல் தூங்கமாட்டார். கால்குலேட்டர் கிடையாது. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு பக்க எண்களை மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து அடியில் விடையை எழுதுவார். நான் கால்குலேட்டரில் போட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த பக்கத்தில் இருப்பார்.

2021-ல் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டி அல்சைமராக இருக்கலாம் என்றார்கள். அப்போது நான் பத்தாவது. டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னாராம். தாத்தா வட்டம் நன்றாகப் போட்டிருக்கிறார். எண்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக எழுதிவிட்டு, முள் போட மறந்து, கீழே கோடு இழுத்துக் கூட்டி வைத்திருக்கிறார். அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லி முடித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார்.

2024 தொடக்கத்தில் தாத்தா இறந்தார். டிரங்குப் பெட்டியில் நோட்டுகள் எல்லாம் வருடவாரியாகக் கட்டி இருந்தன. பி.காம் சேர்ந்த பிறகு ஒரு லீவில் அதை எடுத்து உட்கார்ந்தேன். ஆடிட் செய்வது மாதிரி. 2014 நோட்டில் வருடம் முழுக்க ஒரே ஒரு கூட்டல் பிழை, அதையும் அவரே அடித்துத் திருத்தியிருந்தார். 2016-ல் 4. 2017-ல் 11, அதில் திருத்தியது 3 தான். 2018-ல் வெல்ல மண்டிக்காரருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறார். (அவர் நல்ல மனிதர், திருப்பிக் கொடுத்ததும் நோட்டில் இருக்கிறது.) 2019-ல் சில நாட்களுக்குச் சிட்டையே இல்லை. வீட்டில் எல்லோரும் 'தாத்தாவுக்கு மறதி' என்று பேச ஆரம்பித்ததே 2020 லாக்டவுனில்தான். "வயசானா மறதி வராம என்ன செய்யும்" என்று ஆச்சி சொல்வாள். நோட்டு மூன்று வருடம் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இது எங்கள் தாத்தாவுக்கு மட்டும் நடந்தது இல்லை என்று பிறகு படித்தேன். 2024-ல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் மறதி நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கடன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், கண்டுபிடிப்பதற்கு ஐந்து வருடம் முன்பிருந்தே கிரெடிட் ஸ்கோர் சரிகிறது, தவணை தவறுவது கூடுகிறது. மருத்துவ இதழில் இல்லை, வங்கியின் அறிக்கையில்! எங்கள் துறைக்காரர்களும் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பெருமையாக இருந்தது. கூடவே பயமும். வங்கிக்கு என் மறதி எனக்கு முன்னால் தெரிந்தால் அது கடிதம் போட்டு "உடம்பைப் பாருங்கள்" என்றா சொல்லும்? வட்டியை ஏற்றும்.

சரி, 2017-லேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்? இதுதான் முக்கியமான கேள்வி. மருந்து எதுவும் பெரிதாகச் செய்திருக்காது. இன்றைக்கும் நிலைமை அப்படி ஒன்றும் கொண்டாடும்படி இல்லை. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் மருந்து 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நோயை நிறுத்தவில்லை, திருப்பவும் இல்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வருகிறது, அதற்காக அடிக்கடி ஸ்கேன் எடுக்கவேண்டும். அங்கே வைத்த விலை வருடத்துக்கு 26,500 டாலர். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடிக்கவேண்டும் என்று கம்பெனிகள் அவசரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மருந்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்ப்போம். வணிகச் சட்டம் வகுப்பில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 படிக்கிறோம் இல்லையா? 11-வது பிரிவு, மனத்தெளிவு உள்ளவர்தான் ஒப்பந்தம் செய்ய முடியும். 12-வது பிரிவு, மனத்தெளிவு என்றால் என்ன. 201-வது பிரிவு, முகவாண்மை எப்போது முடியும் என்று ஒரு பட்டியல். அதில் முதலாளி இறந்தாலோ, மனத்தெளிவு இழந்தாலோ முடிந்துவிடும் என்று இருக்கிறது. பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் வீட்டில் நடந்தது என்ன என்று புரிந்தது. பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும், எழுதிக் கொடுத்தவருக்கு எப்போது மிகவும் தேவைப்படுகிறதோ, அதாவது புத்தி தடுமாறும்போது, சரியாக அப்போதுதான் அது செல்லாமல் போகிறது! 2022-ல் தாத்தாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவருடைய வைப்புத்தொகையை எடுக்கப் போனால், ஒரு வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா மூன்று தடவை தாத்தாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவது தடவை தாத்தா அப்பாவைப் பார்த்து, "நீங்க யாருங்க, எதுக்கு என் பணத்தை எடுக்கப் பாக்கீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இப்படிப்பட்டவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க உயர் நீதிமன்றம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

2017-ல் தெரிந்திருந்தால் கணக்கை இருவரில் யாரும் இயக்கும்படி ஜாயின்ட் கணக்காக மாற்றியிருக்கலாம், நாமினி போட்டிருக்கலாம், உயில் எழுதியிருக்கலாம். எல்லாவற்றையும் விட, கடையை யாருக்கு எப்படி விடவேண்டும் என்று தாத்தாவே தன் வாயால் சொல்லியிருப்பார். கடையை 2021-ல் மூடினோம். அவரைக் கேட்காமல்.

அதனால்தான் 'மருந்தே இல்லாத நோயை முன்கூட்டிக் கண்டுபிடித்து என்ன லாபம்' என்ற வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. லாபம் மருந்தில் மட்டும் இல்லை.

தெரிந்தால் மனசு உடைந்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. இதையும் சோதித்திருக்கிறார்கள். அல்சைமர் வந்தவர்களின் பிள்ளைகள் 162 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2009-ல் வந்தது. ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ மரபணு இருக்கிறதா என்று சிலருக்குச் சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கவலையிலோ மனச்சோர்விலோ இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் விரும்பி வந்தவர்கள், கூட உட்கார்ந்து பேச ஆலோசகர்கள் இருந்தார்கள். லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் வருவதும் அதுவும் ஒன்றாகாது.

இன்னொன்று, இந்த எண்கள் எல்லாம் யாருடைய ரத்தத்தில் பழக்கப்பட்டவை? யு.கே. பயோபேங்கில் பெரும்பாலானவர்கள் வெள்ளைக்காரர்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள், வசதியானவர்கள். கோவில்பட்டி ரத்தம் அந்த மரங்களுக்குத் தெரியாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு மூளையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பி-டௌ அளவு கூடித் தெரியலாம். சர்க்கரை நோயும் அதனால் வரும் சிறுநீரகக் கோளாறும் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமா? 2023-ல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய். இவ்வளவு பேருக்கு ஒரு பரிசோதனையைக் கொண்டுவருவதற்கு முன்னால் நம் ஆட்களை வைத்து எல்லைக்கோட்டைச் சரிபார்க்கவேண்டும். சட்டை இரவல் வாங்கலாம், அளவை இரவல் வாங்க முடியாது.

அதுவரை என்ன? எல்லா ஊரிலும் கிடைக்கிற சாதாரண ரத்தப் பரிசோதனைகளே இருக்கின்றன. பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்யலாம். தாத்தாவைப் பார்த்த மதுரை டாக்டர் முதலில் எழுதியதும் இந்த இரண்டைத்தான். 2024-ல் லான்செட் இதழின் ஆணையம் 14 காரணிகளைச் சொல்லி, அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் எதிர்பார்த்ததுதான். காது கேளாமையும் கண்பார்வைக் குறைவும் அதில் இருப்பது எனக்குப் புதிது. தாத்தாவுக்குக் கடைசிப் பத்து வருடம் இடது காது கேட்காது. மெஷின் வாங்கித் தந்தும் போட்டுக்கொள்ளவில்லை, கூச்சம்.

போன மே மாத லீவில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு 54 வயது. ஒரு உரக்கடையில் கணக்குப் பார்க்கிறார். "உங்களுக்கு வருமான்னு தெரிஞ்சுக்கலாம்னா தெரிஞ்சுக்குவீங்களாப்பா?" என்று ஹாஸ்டலில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "தெரிஞ்சா உங்கம்மாகிட்ட சொல்லணும்லா. அவ தூங்கமாட்டா" என்றார். தனக்குப் பயம் என்று சொல்லவில்லை.

அறிகுறி இல்லாத 54 வயதுக்காரருக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை என்று நானே கணக்குப் போட்டுக் காட்டினேன், 156 சீட்டு கணக்கு. அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் மறுநாள் தானாகவே கிளம்பிப் போய் சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றும் பார்த்துவிட்டு வந்தார். பி12 குறைவு. ஊசி போட்டுக்கொள்கிறார். வங்கிக் கணக்குகளை எல்லாம் அம்மா பெயரையும் சேர்த்து, யாராவது ஒருவர் இயக்கும்படி மாற்றியாயிற்று.

நான் ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் அப்பா அதைக் கேட்டார். "வீட்டுச் செலவு நோட்டு எழுதுறேன்லா, அதை மாசம் ஒரு தடவை போட்டோ எடுத்து அனுப்புறேன். நீ கூட்டிப் பாரு. தப்பு வந்தா என்கிட்ட சொல்லு. முதல்ல என்கிட்ட சொல்லு."

மூன்று மாதமாகக் கூட்டிப் பார்க்கிறேன். ஜூலையில் ஓர் இடத்தில் 40 ரூபாய் இடித்தது. கேட்டால், அது அம்மா சொல்லாமல் எடுத்துப் பூ வாங்கியது.